63 மில்லியனுக்கு ஒரு பவர் ஃபார்வர்டு: ராண்டில் விஷயத்தில் யார் சொன்னது சரி?

எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.

எந்த விளையாட்டை எடுத்தாலும் ரசிகர்கள் நடுவுல ஒரு சண்டை நிச்சயம் உண்டு. "இவனுக்கு இவ்ளோ காசா?" ஐபிஎல் ஏலம் முடிஞ்ச ராத்திரி நம்ம வீட்டு ஹால்லயே இது நடக்கும். இன்னைக்கு அதே சண்டையை வேற ஒரு ஊர்ல, வேற ஒரு ஆட்டத்துல பார்க்கப் போறோம். ஊர் நியூயார்க். டீம் நிக்ஸ். ஆள் ஜூலியஸ் ராண்டில், பவர் ஃபார்வர்டு.

ஏன் இவரை எடுத்துக்கிட்டேன்னா, ஒரே ஆளுக்குக் கொடுத்த காசை அதே ரசிகர்கள் முதல்ல "வேஸ்ட்"னு சொன்னாங்க, அப்புறம் "என்னா பேரம்!"னு கொண்டாடினாங்க, திரும்பவும் "வேஸ்ட்"னு சொன்னாங்க, கடைசியில அவர் போனப்போ வருத்தப்பட்டாங்க. இதெல்லாம் சுமார் ஐந்து வருஷத்துல நடந்தது. அப்போ அந்தக் காசோட உண்மையான மதிப்பு என்ன? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

அந்த ஜூன் 30 ராத்திரி

2018-19 சீசனில் நிக்ஸ் 17 வெற்றி, 65 தோல்வி. லீக்கிலேயே மோசமான ரெக்கார்டு. ஆனால் ரசிகர்கள் பொறுமையாக இருந்தார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. 2019 ஜனவரி கடைசியில் தங்கள் இளம் நட்சத்திரம் கிரிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை நிக்ஸ் டாலஸுக்கு டிரேட் செய்தது. கூடவே சில பெரிய சம்பளங்களையும் தள்ளிவிட்டது. அதனால் ரெண்டு சூப்பர்ஸ்டார்களுக்கு மேக்ஸிமம் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு இடம் காலியானது. கெவின் டுராண்ட் வருவார், கைரி இர்விங் வருவார் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு.

2019 ஜூன் 30, ஃப்ரீ ஏஜென்சி திறக்கும் நாள். டுராண்டும் இர்விங்கும் நியூயார்க்குக்கு வந்தார்கள். ஆனால் நிக்ஸுக்கு இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புரூக்ளின் நெட்ஸுக்கு! அதே ராத்திரி நிக்ஸ் பக்கமிருந்து வந்த செய்தி: ஜூலியஸ் ராண்டில், 3 வருஷம், சுமார் 63 மில்லியன் டாலர்.

கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிட்டு உப்புமா கிடைச்சா எப்படி இருக்கும்? உப்புமா நல்லா இருந்தாலும் கோவம்தான் வரும். அது தவிர நிக்ஸ் அந்த வாரம் பாபி போர்டிஸ், டாஜ் கிப்சன், கொஞ்சம் கழிச்சு மார்கஸ் மோரிஸ்னு வரிசையா ஆள் எடுத்தாங்க. நாலு பேருமே பெரும்பாலும் பவர் ஃபார்வர்டு ஆடுறவங்க. "கடையில வேற சரக்கே இல்லையா?"ன்னு மீம் ஓடுச்சு.

கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, ராண்டில் எப்படி ஆடுவார்னு யாரும் அன்னைக்குப் பெருசா பேசலை. அவர் டுராண்ட் இல்லைங்கிறதுதான் புகார்.

சாலரி கேப்: இருக்கிற பர்ஸ் இவ்வளவுதான்

புதுசா கேட்கிறவங்களுக்காகச் சொல்றேன். என்பிஏ-வில் ஒவ்வொரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அதுதான் சாலரி கேப். ஐபிஎல் டீமுக்கு ஏலத்தில் ஒரு பர்ஸ் இருப்பது மாதிரி. ஒரு வித்தியாசம்: ஏற்கெனவே இருக்கிற சொந்த வீரர்களை வைத்துக்கொள்ள இந்த வரம்பைத் தாண்டலாம், அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு பெரிய ஃப்ரீ ஏஜென்ட்டை நேரடியாக எடுக்க வேண்டுமென்றால் பர்ஸில் காலி இடம் இருந்தாக வேண்டும்.

2019-20இல் அந்த வரம்பு சுமார் 109 மில்லியன் டாலர். ராண்டிலின் முதல் வருஷச் சம்பளம் 18 மில்லியன் அளவு. அதாவது மொத்தப் பர்ஸில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

ரசிகர் சண்டையில் "63 மில்லியன்" என்ற எண் மட்டும் சுத்திச் சுத்தி வரும். அந்த எண் பெருசாத் தெரியும், ஏன்னா நம்ம பேங்க் அக்கவுண்டோட ஒப்பிட்டுப் பார்க்கிறோம். டீம் பார்க்க வேண்டியது பங்கை. ஐந்து பேர் களத்தில் நிற்கிற ஆட்டத்தில், ஆறில் ஒரு பங்கு சம்பளம் வாங்குகிற ஒருவர் நம்பகமான ஸ்டார்ட்டராக ஆடினாலே கணக்கு சரியாகிவிடும். அவர் சூப்பர்ஸ்டாராக இருந்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது.

இன்னொரு விஷயம் அந்த ஒப்பந்தத்தின் உள்ளே இருந்தது. மூன்றாவது வருஷத்துக்கு முழு கேரண்டி இல்லை, ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும்தான். சரியா வரலைன்னா ரெண்டு வருஷத்துல பெரிய செலவில்லாம கழட்டிவிடலாம். ராண்டிலுக்கு அப்போ வயசு 24. வளர இடம் இருக்கிற வயசு, வெளியே வர வழி இருக்கிற ஒப்பந்தம். இது ரெண்டையும் அன்னைக்கு ராத்திரி யாரும் மீம் போடலை.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்ததா?

இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்லிடலாம்.

ராண்டில் 2014 டிராஃப்ட்டில் 7-வது ஆளாக லேக்கர்ஸுக்குப் போனவர். முதல் என்பிஏ மேட்ச்சிலேயே கால் எலும்பு முறிந்து அந்த சீசனே போச்சு. திரும்பி வந்து நன்றாகத்தான் ஆடினார், ஆனால் 2018இல் லெப்ரான் வந்த அந்த கோடையில் லேக்கர்ஸ் அவரைப் போக விட்டது. அடுத்து நியூ ஆர்லியன்ஸில் ஒரு வருஷம். சராசரியாக 21.4 பாயிண்ட், 8.7 ரீபவுண்டு. நல்ல எண்கள். ஆனால் டீம் பிளேஆஃப் போகவில்லை.

இங்கேதான் எதிர்த்தவர்களின் முக்கிய வாதம் வருது: "மோசமான டீம்ல யாராவது 20 பாயிண்ட் அடிச்சுத்தானே ஆகணும்?" சரியான கேள்விதான். பந்து ஒருத்தர் கையிலேயே இருந்தா எண்கள் தானா ஏறும். அந்த எண்கள் ஜெயிக்க உதவுதா இல்லையாங்கிறது வேற விஷயம்.

அடுத்த வாதம், பவர் ஃபார்வர்டு வேலையே மாறிப் போச்சு என்பது. நிக்ஸ் ரசிகர்களின் மனசில் பவர் ஃபார்வர்டு என்றால் சார்லஸ் ஓக்லி. 1988 முதல் 1998 வரை பத்து சீசன் ரிங்குக்குக் கீழே நின்று, முட்டி மோதி ரீபவுண்டு எடுத்தவர். இப்போது அதே இடத்தில் ஆடுபவர் வெளியே நின்று த்ரீ பாயிண்டர் போட வேண்டும். அப்போதுதான் அவரைக் காவல் காக்கிறவரும் வெளியே வருவார், மற்றவர்கள் உள்ளே பாய இடம் கிடைக்கும். ராண்டிலோ இடது கைக்காரர், தோளால் இடித்துக்கொண்டு உள்ளே புகுகிறவர். வெளியிலிருந்து நம்பி விட முடியாது என்பது அப்போதைய கருத்து.

முதல் வருஷம் அந்தக் கருத்தை அப்படியே உறுதி செய்தது. 2019-20இல் அவருடைய சராசரி 19.5 பாயிண்ட், 9.7 ரீபவுண்டு. ஆனால் த்ரீ பாயிண்டர் வெறும் 27.7 சதவீதம். மூணு பேர் நடுவுல சுழன்று சுழன்று பந்தைத் தொலைக்கிற வீடியோக்கள் அந்த வருஷம் ரொம்ப ஓடின. டிசம்பரில் கோச் டேவிட் ஃபிஸ்டேலை நீக்கினார்கள். கொரோனாவால் சீசன் நின்றபோது நிக்ஸ் 21-45.

அன்னைக்கு ஓட்டெடுப்பு வெச்சிருந்தா "ராண்டில் வேஸ்ட்"தான் ஜெயிச்சிருக்கும்.

அதே ஆள், அதே சம்பளம், வேற ஆட்டம்

2020இல் நிர்வாகம் மாறியது. லியான் ரோஸ் பிரசிடெண்ட், டாம் திபடோ கோச். 2020-21 சீசனில் ராண்டில் 72 மேட்ச்சில் 71 ஆடினார். மொத்த லீக்கிலும் அதிக நிமிடங்கள் களத்தில் நின்றவர் அவர்தான். சராசரி 24.1 பாயிண்ட், 10.2 ரீபவுண்டு, 6 அசிஸ்ட். எல்லாவற்றையும் விட ஆச்சரியம், த்ரீ பாயிண்டர் 41.1 சதவீதம்!

அந்த வருஷத்தின் மோஸ்ட் இம்ப்ரூவ்டு பிளேயர் விருது அவருக்கு. ஆல் என்பிஏ செகண்ட் டீமிலும் இடம். நிக்ஸ் 41-31, கிழக்கில் நாலாவது இடம், எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பிளேஆஃப்.

இப்போ கணக்கைப் பாருங்க. லீக்கின் முதல் பத்துப் பேரில் ஒருவர் என்று ஓட்டு வாங்கின ஆளுக்கு டீம் கொடுத்தது சுமார் 19 மில்லியன். சம்பளம் அதேதான், பெருசா மாறலை. ஆனா ஒப்பந்தத்தின் மதிப்பு தலைகீழா மாறிடுச்சு.

பிளேஆஃப்பில் மறுபடி அடி. அட்லாண்டா ஹாக்ஸ் அவரைச் சுற்றி வளைத்தது. அவருடைய ஷாட் சதவீதம் 30க்கும் கீழே போனது. ஐந்தே மேட்ச்சில் நிக்ஸ் வெளியே.

ரெண்டு கட்சிக்கும் ஆதாரம் கிடைச்சாச்சு. ஒருத்தர் ரெகுலர் சீசனைக் காட்டுவார், இன்னொருத்தர் அந்த ஐந்து மேட்ச்சைக் காட்டுவார். ரெண்டுமே உண்மைதான்.

117 மில்லியனும் ஒரு கட்டை விரலும்

2021 ஆகஸ்ட்டில் நிக்ஸ் அவருக்கு எக்ஸ்டென்ஷன் கொடுத்தது. 4 வருஷம், அதிகபட்சம் 117 மில்லியன். இதில் ஒரு சுவாரசியமான விஷயம்: அப்போதைய விதிப்படி எக்ஸ்டென்ஷனின் முதல் வருஷச் சம்பளம், பழைய சம்பளத்தைவிட 20 சதவீதம்தான் கூடலாம். ஒரு வருஷம் காத்திருந்து ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருந்தால் இன்னும் ரொம்பப் பெரிய தொகை கேட்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவர் காத்திருக்கவில்லை. முதல் மேட்ச்சிலேயே கால் உடைந்த ஒருவர் கையில் இருக்கிற காசை எடுத்துக்கொள்வது எனக்குப் புரிகிறது.

அடுத்த சீசன் சறுக்கல். 2021-22இல் 20.1 பாயிண்ட், த்ரீ பாயிண்டர் 30.8 சதவீதம். டீம் 37-45, பிளேஆஃப் இல்லை.

அந்த சீசனின் ஒரு ராத்திரியை நிக்ஸ் ரசிகர்கள் மறக்க மாட்டாங்க. 2022 ஜனவரி 6, மேடிசன் ஸ்கொயர் கார்டன், எதிரே பாஸ்டன் செல்டிக்ஸ். நிக்ஸ் 25 பாயிண்ட் பின்தங்கிச்சு. சொந்த ரசிகர்களே "பூ..."ன்னு கத்தி எதிர்ப்பைக் காட்டினாங்க. டீம் திரும்பி வந்தப்போ ராண்டில் கேலரியைப் பார்த்து கட்டை விரலைக் கீழே காட்டினார். கடைசி நொடியில ஆர்.ஜே. பாரெட் போட்ட ஷாட்ல நிக்ஸ் ஜெயிச்சிடுச்சு. மேட்ச் முடிஞ்சு கேட்டப்போ, "வாயை மூடச் சொன்னேன்"ங்கிற அர்த்தத்துல கெட்ட வார்த்தையோட பதில் சொன்னார். லீக் 25,000 டாலர் அபராதம் போட்டது. அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டார்.

அவர் செய்தது சரின்னு நான் சொல்ல வரலை. டிக்கெட் வாங்கினவங்களுக்குக் கத்த உரிமை உண்டு. ஆனா அவர் இடத்துல இருந்தும் ஒரு நிமிஷம் பாருங்க. டுராண்ட் வராத கோவம் அவர் தலையில. பவர் ஃபார்வர்டுக்கு இருபது வருஷமா எழுதாத வேலை எல்லாம் அவர் தலையில: பந்தைக் கொண்டு வரணும், பாஸ் போடணும், ஷாட்டும் போடணும். சம்பளம் பார்த்தா லீக்கில் உச்சச் சம்பளம் வாங்குற வரிசையில அவர் இல்லவே இல்லை. ஆனா எதிர்பார்ப்பு மட்டும் உச்சச் சம்பளக்காரருக்கானது.

பக்கத்தில் யார் நிற்கிறார்?

2022 கோடையில் ஜேலன் பிரன்சன் வந்தார். 4 வருஷம், 104 மில்லியன். அதுக்கும் அதே கூச்சல்: "இவருக்கு இவ்ளோவா?" இன்னைக்கு அது லீக்கின் சிறந்த பேரங்கள்ல ஒண்ணுன்னு எல்லாரும் ஒத்துக்கிறாங்க.

பிரன்சன் பந்தைக் கொண்டு வரும் வேலையை எடுத்துக்கொண்டதும் ராண்டில் மேல் இருந்த பாரம் குறைந்தது. 2022-23இல் 25.1 பாயிண்ட், 10 ரீபவுண்டு, ஆல் என்பிஏ தேர்டு டீம். அந்த வருஷச் சம்பளம் 24 மில்லியன் அளவு, கேப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே. அவருடைய அனுபவத்துக்குக் கேட்கக்கூடிய உச்சச் சம்பளம் கேப்பில் 30 சதவீதம். 2023 மார்ச்சில் மின்னசோட்டாவுக்கு எதிராக ஒரே மேட்ச்சில் 57 பாயிண்ட் அடித்தார். அந்த மேட்ச்சில் நிக்ஸ் தோற்றது என்பதையும் எதிர்க்கட்சி ஞாபகப்படுத்தும்.

இதிலிருந்து ஒண்ணு தெரியுது. ஒரு பவர் ஃபார்வர்டின் மதிப்பு அவர்கிட்ட மட்டும் இல்லை. நல்ல பாயிண்ட் கார்டு பக்கத்துல இல்லாம அவர் முதல் ஆளா ஆடினா ஒரு விலை, ரெண்டாவது ஆளா ஆடினா வேற விலை. ரசிகர்கள் சண்டை போடும்போது பல நேரம் ரெண்டு பேரும் ரெண்டு வேற வேற ராண்டிலைப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க.

போகும்போதுதான் தெரிந்த விலை

2024 ஜனவரியில் நிக்ஸ் 14 வெற்றி, 2 தோல்வி. ராண்டில், பிரன்சன், புதிதாக வந்த ஓஜி அனுனோபி மூவரும் சேர்ந்து ஆடிய மாதம் அது. அந்த மாதக் கடைசியில் மயாமிக்கு எதிரான மேட்ச்சில் ராண்டிலின் தோள்பட்டை இறங்கியது. நிக்ஸ் சட்டையில் அவர் ஆடிய கடைசி மேட்ச் அதுதான்.

அந்த கோடையில் சென்டர் ஐசயா ஹார்ட்டன்ஸ்டைன் ஒக்லஹோமாவுக்குப் போனார். நிக்ஸுக்கு ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டது. செப்டம்பர் கடைசியில் செய்தி வெடித்தது: மின்னசோட்டாவிலிருந்து கார்ல்-ஆண்டனி டவுன்ஸ் வருகிறார், ராண்டிலும் டான்டே டிவின்சென்சோவும் போகிறார்கள், கூட ஒரு முதல் சுற்று டிராஃப்ட் பிக்.

இங்கேதான் ஒப்பந்தத்தின் இன்னொரு பயன் தெரிந்தது. கேப்புக்கு மேலே இருக்கிற டீம்கள் டிரேட் செய்யும்போது, வருகிற சம்பளமும் போகிற சம்பளமும் ஏறக்குறைய பொருந்த வேண்டும். டவுன்ஸின் சம்பளம் சுமார் 49 மில்லியன். சின்னச் சம்பளக்காரர்களாக வைத்திருக்கிற டீம் இவ்வளவு பெரிய ஆளைக் கொண்டுவரவே முடியாது. ராண்டில் மாதிரி நடுத்தரப் பெரிய சம்பளம், அதுவும் எதிர் டீம் மனசார விரும்புகிற வீரருடைய சம்பளம், ஒரு சாவி மாதிரி. 2019இல் நிக்ஸ் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தால் அந்தச் சாவி கையில் இருந்திருக்காது.

அடுத்து நடந்தது ரெண்டு பக்கத்துக்கும் நல்லதே. 2025இல் நிக்ஸ், 2000க்குப் பிறகு முதல் தடவையாகக் கிழக்கு ஃபைனல் போனது. மின்னசோட்டா மேற்கு ஃபைனல் போனது. முதல் சுற்றில் அவர்கள் வீழ்த்தியது யாரை? ராண்டிலை ஒரு காலத்தில் விட்டுவிட்ட லேக்கர்ஸை. ஆனால் ஒக்லஹோமாவுக்கு எதிரான ஃபைனலில் பழைய கதை: ஒரு மேட்ச்சில் 28 பாயிண்ட், அடுத்ததில் வெறும் 6. அந்த கோடையில் மின்னசோட்டா அவரை 3 வருஷம், 100 மில்லியனுக்கு வைத்துக்கொண்டது. "இவ்ளோவா?"ங்கிற சண்டை இப்போ மினியாபோலிஸுக்குக் குடிபோயிருக்கு.

கேப்பும் இதற்குள் ஏறிவிட்டது. 2025-26க்கு அது சுமார் 154.6 மில்லியன். 100 மில்லியனை மூன்றால் வகுத்தால் வருஷத்துக்கு 33 மில்லியன், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. 2019இன் 18 மில்லியனோடு நேராக ஒப்பிட்டால் ஏறக்குறைய ரெண்டு மடங்கு மாதிரி தெரியும். பங்காகப் பார்த்தால் உயர்வு அவ்வளவு இல்லை.

அப்போ யார் சொன்னது சரி?

என் பதில் இது. ராண்டில் டீமைச் சாம்பியன் ஆக்குற முதல் ஆள் இல்லைன்னு சொன்னவங்க சரி. அந்த ஒப்பந்தம் மோசம்னு சொன்னவங்க தப்பு. இந்த ரெண்டும் ஒரே வாக்கியம் இல்லை, ஆனா நாம ஒண்ணாவே பேசிட்டோம்.

அடுத்த தடவை உங்க டீம் யாரையாவது எடுக்கும்போது மூணு கேள்வியைத் தனித்தனியா கேட்டுப் பாருங்க. ஒண்ணு, மொத்தப் பர்ஸ்ல இவர் எத்தனை பங்கு, அந்தப் பங்குக்கு என்ன வேலை எதிர்பார்க்கலாம்? ரெண்டு, இதே காசுக்கு அன்னைக்கு நிஜமாவே வேற யார் கிடைச்சிருப்பாங்க? டுராண்ட் ஏற்கெனவே முடிவெடுத்துட்டார், அவரை அந்தப் பட்டியல்ல சேர்க்கக் கூடாது. மூணு, சரியா வரலைன்னா வெளியே வர வழி இருக்கா, சரியா வந்தா இதை வெச்சு அடுத்து என்ன பண்ணலாம்?

2019 ஜூன் 30 ராத்திரி இந்த மூணு கேள்விக்கும் ராண்டில் ஒப்பந்தத்துல நல்ல பதிலே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. சரி மக்களே, உங்க டீம்ல இப்படி நீங்க திட்டித் தீர்த்து, அப்புறம் "சாரி தலைவா"ன்னு சொன்ன ஆள் யார்? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.